பட்டியலில் முதல் பெயர் மனிதன்

எந்த மருந்துப் பொருள் எந்தப் புரதத்தோடு எவ்வளவு இறுக்கமாக ஒட்டியது என்று படித்துப் பார்த்து எழுதி வைப்பதுதான் என் தொழில்; கண்டுபிடிப்பவர்கள் வேறு, பேர் வாங்குபவர்கள் வேறு, வசவு வாங்க மட்டும் நாங்கள்.

கொஞ்சம் விளக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நம் உடம்புக்குள் ஆயிரக்கணக்கில் புரதங்கள் இருக்கின்றன. மருந்து என்பது பெரும்பாலும் ஒரு சின்ன மூலக்கூறு. அது போய் ஏதாவது ஒரு புரதத்தில் ஒட்டிக்கொண்டு அதன் வேலையை நிறுத்தும், அல்லது முடுக்கிவிடும். உலகம் முழுக்க ஆய்வுக்கூடங்களில் இதை அளந்து பார்த்துக் கட்டுரை எழுதுகிறார்கள். அந்தக் கட்டுரைகளை உட்கார்ந்து படித்து, புரதத்தின் பெயர், மூலக்கூறின் படம், ஒட்டிய அளவு என்று ஒவ்வொன்றாகப் பிடுங்கி, யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கக்கூடிய ஓர் இணையத் தரவுத்தளத்தில் ஏற்றுகிறோம். தரவுத்தளம் வெளிநாட்டுக்காரர்களுடையது. ஏற்றுகிற கைகள் பிரிக்ஃபீல்ட்ஸில், லிஃப்ட் இல்லாத ஒரு கடைவீட்டின் மூன்றாம் மாடியில் இருக்கின்றன. கீழே சாப்பாட்டுக் கடை. எந்தப் புரதத்தைப் பதிவு செய்தாலும் மீன் குழம்பு வாசனையோடுதான் செய்வோம்.

படிவம் நிரப்புகிறவர்கள், கோப்பு தூக்குகிறவர்கள், அடுத்தவர் எழுதியதைத் தட்டச்சு செய்து கண் கெட்டுப்போனவர்கள் எல்லோரும் இதைப் படிக்க வேண்டும். உங்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை.

சுகருக்கு எது ஒட்டும்

கிள்ளானில் ஒரு கல்யாணம். என் கணவரின் சித்தப்பா பக்கத்தில் இருந்த நாலு பேரிடம் என்னைக் காட்டி, "மருந்து கண்டுபிடிக்கிற புள்ள" என்று சொல்லிவிட்டார். கண்டுபிடிப்பதில்லை, மற்றவர்கள் கண்டுபிடித்ததை எழுதி வைக்கிறேன் என்றேன். அதற்கு ஒரு ஆபீஸா என்று கேட்டார்கள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. சாப்பாட்டு மேசையில் வைத்தே பாடம் எடுத்தேன். எண் சின்னதாக இருந்தால் ஒட்டு பெரிது என்று அர்த்தம். பத்து என்று போட்டிருந்தால் துளி மருந்தே போதும், கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். பத்தாயிரம் என்று போட்டிருந்தால் வாளி வாளியாக ஊற்றினாலும் பிடிக்காது.

சித்தப்பா பாயசக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு முழுவதையும் கேட்டார். நடுவில் ஒரு தடவை, அப்படியானால் சைபர்தான் எல்லாவற்றையும்விட உசத்தியா என்று கேட்டார். நல்ல கேள்வி. பத்து வருட வேலையில் எந்தப் பேராசிரியரும் என்னிடம் இவ்வளவு கவனமாகக் கேட்டதில்லை என்று நெகிழ்ந்து போனேன். பாடம் முடிந்ததும் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு என் பக்கம் சாய்ந்தார். "அதெல்லாம் சரி லா. என் சுகருக்கு எது நல்லா ஒட்டும், அத மட்டும் சொல்லு."

செராஸ் பாஸ்

ஒரு நாள் செராஸிலிருந்து நாட்டு மருந்துக் கடை முதலாளி ஒருவர் மூன்று மாடி ஏறி மூச்சு வாங்க வந்தார். கையில் ஒரு பாட்டில். அதற்குள் ஏதோ ஒரு வேரின் தூள். மூட்டு வலிக்கு விற்கிறாராம். வாங்க வருகிற இளவட்டங்கள் இப்போதெல்லாம் கைப்பேசியை எடுத்துத் தட்டிப் பார்த்துவிட்டு, "இது எங்கயும் இல்லையே அங்கிள்" என்று திரும்பிப் போய்விடுகிறார்களாம். அதனால் எங்கள் வெப்சைட்டில் அவருடைய வேரை ஏற்ற வேண்டும்.

அப்படியெல்லாம் ஏற்ற முடியாது, யாராவது அளந்து ஆய்வுக் கட்டுரை வெளியிட்டிருக்க வேண்டும், கட்டுரையில் எண் இருக்க வேண்டும் என்று பொறுமையாகச் சொன்னேன். எண் என்றதும் அவர் முகம் தெளிந்துவிட்டது. நல்ல எண் எது என்று கேட்டார். நானும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் பத்து என்று சொல்லித் தொலைத்தேன். எங்கள் அறையே அன்றைக்கு அவரை நினைத்து நினைத்துச் சிரித்தது. போகும்போது அவர் சொன்னது இதுதான்: "அப்ப பத்துன்னே போடுங்க மேடம். நீங்க எழுதுறதுதானே, யாரு வந்து செக் பண்ணப் போறா?"

சிவப்புக் கட்டம்

எங்கள் படிவத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட கட்டங்கள். அதில் ஒன்று, புரதம் எந்த உயிரினத்துடையது என்பது. மனிதன், எலி, சுண்டெலி, மாடு, பன்றி என்று ஒரு பட்டியல் விரியும். பட்டியலில் முதல் பெயர் மனிதன். படிவத்தைத் திறக்கும்போதே மனிதன் என்று நிரம்பியிருக்கும். நாமாகப் போய் மாற்றினால்தான் உண்டு.

கட்டுரை எழுதுகிறவர்கள் பல பேர் இதை நேராகச் சொல்ல மாட்டார்கள். "முன்பு விவரித்த முறைப்படி அளந்தோம்" என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். அந்த முன்பு என்பது வேறொரு கட்டுரை. அது பழையதாக இருந்தால் இணையத்தில் கிடைக்காது. நூலகத்துக்கு எழுதிக் கேட்டு, அவர்கள் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பும்வரை காத்திருக்க வேண்டும். எங்களுக்கோ ஒரு நாளைக்கு இத்தனை கட்டுரை என்று அளவு உண்டு. என் பக்கத்து இருக்கை ஃபாரிட் காத்திருப்பான். அவன் முடிக்காத கட்டுரைகளின் பட்டியல் எப்போதும் நீளமாக இருக்கும். நான் காத்திருக்க மாட்டேன். மனிதன் என்றே விட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவேன். பெரும்பாலும் அது மனிதனாகத்தான் இருக்கும். பெரும்பாலும் என்ற சொல்லை நம்பித்தான் நான் பத்து வருடமாகச் சிறந்த ஊழியர் என்று பேர் வாங்கிக்கொண்டிருந்தேன். நீங்கள் உங்கள் ஆபீஸில் எதை நம்பி வாங்குகிறீர்கள் என்று எனக்குத் தெரியாது.

எங்கள் மேலாளர் மிஸ்டர் நேசன் மாதக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் ஃபாரிட்டின் பட்டியலைத் திரையில் போட்டுக் காட்டினார். ஏன் இவ்வளவு தாமதம் என்று கேட்டார். எந்த உயிரினம் என்று தெரியாமல் எப்படி ஏற்றுவது என்று ஃபாரிட் திருப்பிக் கேட்டான். மிஸ்டர் நேசன் கோபப்படவில்லை. தன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "ஃபாரிட், கட்டம் காலியா இருந்தா சிஸ்டம் செவப்பு காட்டும். தப்பா இருந்தா ஒண்ணும் காட்டாது. வேலையப் பாருங்க லா."

ஒரு கேள்வி வந்தது

பயனர்களின் கேள்விகளுக்குப் பதில் எழுதும் வேலை எங்களுக்குள் வாரம் ஒருவர் முறை. என் முறையில் ஒரு மின்னஞ்சல் வந்தது. முனைவர் பட்ட மாணவி, பெயர் தர்ஷினி. வழக்கமாகக் கேள்விகள் எப்படி இருக்கும் தெரியுமா? பக்கம் திறக்கவில்லை, பட்டன் வேலை செய்யவில்லை, என் கட்டுரையை ஏன் இன்னும் ஏற்றவில்லை, இப்படி. இவள் ஒரு பதிவின் எண்ணைக் கொடுத்துவிட்டு, அந்தப் புரதம் மனிதனுடையது என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தாள். அப்படி யாரும் எங்களைக் கேட்டதே இல்லை.

பதிவைத் திறந்தேன். ஏற்றியவரின் பெயர் வெளியாருக்குத் தெரியாது, எங்களுக்கு மட்டும் ஒரு மூலையில் தெரியும். என் பெயர். நாலு வருடத்துக்கு முந்தைய தேதி. கட்டுரையைத் திறந்து பார்த்தேன். "முன்பு விவரித்த முறைப்படி" என்று இருந்தது. ஃபாரிட் எட்டிப் பார்த்துவிட்டு, நான் கேட்காமலேயே நூலகத்துக்கு எழுதிப் போட்டான். மூன்று நாளில் பழைய கட்டுரையின் பக்கம் வந்தது. எலியின் மூளையை அரைத்து அதிலிருந்து எடுத்த புரதம். எலிப் புரதமும் மனிதப் புரதமும் பார்வைக்கு அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். ஆனால் மருந்து ஒட்டும் இடத்தில் ஒரு சின்ன வித்தியாசம் இருந்தாலும் போச்சு. எலியைக் கெட்டியாகப் பிடிக்கிற மூலக்கூறு மனிதனைத் திரும்பிக்கூடப் பார்க்காது.

நான் செய்தது என்னவென்றால், அந்தக் கேள்விக்கு எதிரே 'பரிசீலனையில்' என்ற பட்டனை அழுத்தியதுதான். அதை அழுத்தினால் பதில் எழுத ஒரு மாதம் அவகாசம் கிடைக்கும். ஃபாரிட் என்னைக் காக் என்று கூப்பிடுவான், மலாயில் அக்கா என்று அர்த்தம். அவன் மெதுவாக மலாயில் கேட்டதைத் தமிழில் தருகிறேன். "இதுல பரிசீலிக்க என்ன இருக்கு காக்? எலி எலிதானே?"

மூன்று மாடி ஏறி வந்தவள்

ஒரு மாதம் அவளால் காத்திருக்க முடியவில்லை. அடுத்த வாரமே நேரில் வந்துவிட்டாள். வெப்சைட்டின் அடியில் தொடர்புக்கென்று போட்டிருந்த முகவரி பிரிக்ஃபீல்ட்ஸ் என்றிருக்கவே, கிள்ளானிலிருந்து ரயிலேறி வந்திருக்கிறாள். ஒல்லியான பெண், தோளில் கனமான பை. பைக்குள் இரண்டு தடித்த நோட்டுப் புத்தகங்கள், அவளுடைய ஆய்வுக்கூடக் குறிப்புகள். மிஸ்டர் நேசன் வெளியே போயிருந்தார். என் எதிரே உட்காரவைத்தேன். கீழேயிருந்து பிளாஸ்டிக் பையில் கட்டிய தே தாரிக், அதாவது நுரைக்க ஆற்றிய பால் தேநீர், வாங்கி வந்து கொடுத்தேன்.

அவள் அழவில்லை, கத்தவில்லை. நோட்டைத் திறந்து பக்கம் பக்கமாகக் காட்டினாள். எங்கள் வெப்சைட்டில் இருந்த அந்த மூலக்கூறை அடிப்படையாக வைத்து, அதில் இங்கே கொஞ்சம் அங்கே கொஞ்சம் மாற்றி, இரண்டு வருடமாகப் புதுப் புது மூலக்கூறுகளைச் செய்திருக்கிறாள். மனிதப் புரதத்தோடு சேர்த்துப் பார்த்தால் ஒன்றும் ஒட்டவில்லை. கடைசியில் மூல மூலக்கூறையே வைத்துப் பார்த்திருக்கிறாள். அதுவும் ஒட்டவில்லை. அவளுடைய மேற்பார்வையாளர், வெப்சைட்டில் ஒட்டும் என்று இருக்கிறது, உனக்கு ஒட்டவில்லை என்றால் உன் கைதான் சரியில்லை என்று சொல்லிவிட்டார். முதலாண்டு மாணவர்களோடு உட்காரவைத்து, சொட்டுக் குழாயை எப்படிப் பிடிப்பது என்று மறுபடியும் பயிற்சி கொடுத்தார்களாம். இன்னும் பதினைந்து நாளில் ஒரு குழு கூடி, அவள் முனைவர் பட்டத்தைத் தொடரலாமா கூடாதா என்று முடிவு செய்யப் போகிறது.

நான் வாயைத் திறந்தேன். பதிவு செய்தவர் கவனிக்காமல் விட்டிருக்கலாம், பதிவு செய்தவருக்கு அந்தப் பழைய கட்டுரை கிடைக்காமல் இருந்திருக்கலாம் என்று, ஏதோ தூரத்துச் சொந்தக்காரரைப் பற்றிப் பேசுவதைப் போலப் பேசினேன். அவள் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டாள். பிறகு பையை மூடிக்கொண்டு எழுந்தாள். "யாரு போட்டாங்கன்னு எனக்குத் தெரிய வேணாங்கா. அது தப்புன்னு ஒரே ஒரு வரி எழுதிக் குடுங்க, போதும்."

எழுத்தில் வேண்டாம்

மிஸ்டர் நேசனிடம் போனேன். அவருடைய அப்பா, தாத்தா எல்லாம் அரசாங்க உத்தியோகம் பார்த்தவர்கள். எழுத்தில் எதையும் ஒத்துக்கொள்ளக் கூடாது என்பது அவருக்குத் தாய்ப்பாலோடு வந்தது. நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். பழைய கட்டுரையின் பக்கத்தையும் படித்தார். தப்புதான் என்று உடனே ஒத்துக்கொண்டார், வாயால். எலி என்று மாற்றச் சொன்னார். மாற்றினேன். ஆனால் எங்கள் மாற்றங்கள் அன்றன்றைக்கே வெளியே தெரியாது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை மொத்தமாகத்தான் வெளியாகும். அடுத்த வெளியீடு அந்தப் பெண்ணின் குழு கூடி முடிந்த பிறகு. அதனால்தான் கடிதம் கேட்கிறாள் என்றேன்.

வெளிநாட்டுக்காரர்கள் எங்கள் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த நேரம் அது. நாங்கள் எத்தனை தப்பு செய்கிறோம் என்பதை வைத்துத்தான் முடிவு. ஆபீஸ் முத்திரையோடு ஒரு கடிதம் வெளியே போனால் எல்லோர் வேலைக்கும் ஆபத்து என்றார். அது பொய்யில்லை. இடத்துக்குத் திரும்பி உட்கார்ந்தேன். அன்றைக்கே என் சொந்தப் பெயரில் எழுதிக் கொடுத்திருக்கலாம். யாரும் என் கையைப் பிடித்துக்கொள்ளவில்லை. பயந்துபோய்ச் சும்மா இருந்தேன். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, ஒன்பது நாள். அந்த ஒன்பது நாளும் எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது மிஸ்டர் நேசன் கதவருகே வந்து சொன்னதுதான். "ஜெயா, திருத்தினா அது சேவை. லெட்டர் குடுத்தா அது குத்தத்த ஒத்துக்கிறது."

கிள்ளானில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

பத்தாம் நாள் எழுதினேன். ஆபீஸ் தாளில் இல்லை, வெள்ளைத் தாளில். பதிவின் எண், அதில் இருந்த தப்பு, சரியானது எது, அதற்கு ஆதாரமான பழைய பக்கம். கடைசியில், இந்தப் பதிவைச் செய்தவர் நான் என்று என் முழுப் பெயர், அடையாள அட்டை எண், கையெழுத்து. எழுதி முடித்ததும் மனசு லேசாகும் என்று நினைத்தேன். ஆகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் கிள்ளானில் ஜவுளிக்கடைத் தெருவில் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு அவளை வரச் சொன்னேன். இலை போட்டுவிட்டார்கள். அவள் கையைத் துடைத்துவிட்டுக் கடிதத்தை வாங்கிப் படித்தாள். கடைசி வரிக்கு வந்ததும் நின்றுவிட்டாள். மறுபடியும் முதலிலிருந்து படித்தாள். பரிமாறுகிறவர் வந்து சோறு வைத்து, பருப்பு ஊற்றி, இன்னும் கொஞ்சம் வேண்டுமா என்று இரண்டு முறை கேட்டுவிட்டுப் போனார். நான் திட்டு வாங்கத் தயாராகத்தான் போயிருந்தேன். அவள் கடிதத்தை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தாள். குரலை உயர்த்தவே இல்லை. "அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லக்கா? ஒங்க முன்னாடிதானே ஒக்காந்து தே குடிச்சேன்."

கையும் மூளையும்

குழு கூடிய அன்று பிற்பகல் மூன்று மணிவரை எனக்கு எந்த வேலையும் ஓடவில்லை. அவளே கூப்பிட்டாள். என் கடிதத்தைக் குழுவில் எல்லோரும் வாங்கிப் படித்தார்களாம். நம்பினார்களாம். பழைய பக்கத்தையும் பார்த்துவிட்டு, அவள் கையில் தப்பில்லை, அளந்தது எல்லாம் சரிதான் என்று ஒத்துக்கொண்டார்களாம். எனக்கு உயிர் வந்தது. அவசரப்பட்டுவிட்டேன்.

கையில் தப்பில்லை என்றால் தப்பு எங்கே என்று அடுத்த கேள்வி வந்திருக்கிறது. முனைவர் பட்டம் செய்கிற ஒருத்தி மூலக் கட்டுரையைத் தேடிப் படிக்காமல் யாரோ ஒரு ஊழியர் தட்டியதை நம்பி இரண்டு வருடத்தை வீணடிக்கலாமா என்று கேட்டிருக்கிறார்கள். அந்த மூலக்கூறை வெப்சைட்டிலிருந்து எடுத்து அவள் கையில் கொடுத்தவரே அந்த மேற்பார்வையாளர்தான். அவர் அங்கேயே உட்கார்ந்திருந்திருக்கிறார், ஒரு வார்த்தை பேசவில்லையாம். முனைவர் பட்டம் கிடையாது, இதுவரை செய்ததை எழுதி முதுகலைப் பட்டம் வாங்கிக்கொண்டு போ என்று முடித்துவிட்டார்கள். என் கடிதம் அவள் கையைக் காப்பாற்றி மூளையைக் காட்டிக் கொடுத்துவிட்டது. பத்து நாள் முன்னால் கொடுத்திருந்தால், அவள் அதை மேற்பார்வையாளரிடம் தனியாகக் காட்டிப் பேசியிருக்கலாம், குழுவுக்கே வேறு மாதிரி போயிருக்கலாம். இதை யாரும் என்னிடம் சொல்லவில்லை. நானாகத்தான் தினமும் சொல்லிக்கொள்கிறேன்.

மன்னிப்புக் கேட்டேன். அவள் அதைக் கண்டுகொள்ளவில்லை. வேறொன்று கேட்டாள். "நம்பக் கூடாதுன்னா, அப்பறம் எதுக்குக்கா அந்த வெப்சைட்ட வச்சிருக்கீங்க?"

மூன்று சாட்சிகள்

ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது. கடித விஷயம் எப்படியோ மிஸ்டர் நேசன் காதுக்குப் போய், எனக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் கிடைத்தது. அதை மட்டும் எழுத்தில், முத்திரையோடு கொடுத்தார். புது ஒப்பந்தத்தோடு ஒரு புது மென்பொருளும் வந்தது. எங்கள் பதிவுகளையெல்லாம் படித்து, உலகில் உள்ள மற்ற இலவசத் தரவுத்தளங்களோடு ஒப்பிட்டு, வித்தியாசமாக இருப்பதைத் தானாகவே சரிசெய்துவிடுமாம். இனி மனிதத் தவறுக்கே இடமில்லை என்று கேக் வெட்டினோம்.

வெளியீடு வந்த அன்று என் பதிவைப் போய்ப் பார்த்தேன். எலி என்று இருந்தது. இவ்வளவு நடந்ததற்குப் பிறகு அதுவாவது இருக்கட்டும் என்று ஒரு சின்ன ஆறுதல். அடுத்த வெளியீடு வந்ததும் பார்த்தால் மறுபடியும் மனிதன். ஃபாரிட்டைக் கூப்பிட்டுக் காட்டினேன். மூன்று வெளித் தரவுத்தளங்கள் மனிதன் என்று சொல்வதால் என் திருத்தம் நீக்கப்பட்டது என்று ஒரு குறிப்பு இருந்தது. அந்த மூன்றையும் திறந்து பார்த்தோம். மூன்றிலும் அடியில், இந்தத் தகவல் எங்கள் தரவுத்தளத்திலிருந்து எடுக்கப்பட்டது என்று போட்டிருந்தது. என் தப்பை நாலு வருடத்துக்கு முன்பே மூன்று பேரும் நகலெடுத்திருக்கிறார்கள். இப்போது என் தப்பே மூன்று வேஷம் போட்டு வந்து எனக்கு எதிராகச் சாட்சி சொல்லிவிட்டது.

வெளிநாட்டு அலுவலகத்துக்கு விவரமாக எழுதினேன். எலி என்று அச்சில் இருக்கும் பழைய பக்கத்தையும் இணைத்தேன். பதில் மரியாதையாக வந்தது. "உங்கள் அக்கறைக்கு நன்றி. படமெடுத்த பக்கத்தை மென்பொருள் ஆதாரமாக ஏற்காது. எலி என்று குறிப்பிடும் வேறொரு தரவுத்தளம் இருந்தால் அனுப்பவும்."

இந்த வாரத்து அஞ்சல்

தர்ஷினி இப்போது ஷா ஆலமில் ஒரு தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறாள். ஒருநாள் ஃபாரிட் அவளை ரயிலில் பார்த்திருக்கிறான். சொட்டுக் குழாய் பிடிப்பதில் அவளைப்போலக் கை யாருக்கும் இல்லை என்று அங்கே சொல்கிறார்களாம். என்னை விசாரித்தாளா என்று கேட்டேன். ஃபாரிட் பேச்சை மாற்றிவிட்டான்.

இந்த வாரம் மறுபடியும் என் முறை. வேறொரு நாட்டிலிருந்து ஒரு மாணவன் எழுதியிருந்தான். ஆய்வைப் புதிதாகத் தொடங்குகிறான். அதே மூலக்கூறு. அதற்கு நெருக்கமான மற்ற மூலக்கூறுகளின் பட்டியல் வேண்டுமாம். இந்தத் தடவை நான் பரிசீலிக்கவில்லை. அஞ்சலைத் திறந்த ஐந்து நிமிடத்துக்குள், அது எலிப் புரதம், மனிதனுடையது அல்ல, தயவுசெய்து அதை வைத்து ஆய்வைத் தொடங்க வேண்டாம், அந்தத் தப்பைச் செய்தவள் நான்தான் என்று என் பெயர் போட்டு, பழைய பக்கத்தையும் இணைத்து அனுப்பினேன். மிஸ்டர் நேசனைக் கேட்கவில்லை. ஒரு மணி நேரத்தில் ஆங்கிலத்தில் பதில் வந்தது, நம் பேச்சில் தருகிறேன். "தகவலுக்கு நன்றி மேடம். ஆனா ஒங்க வெப்சைட்லயே மனிதன்னுதானே போட்டிருக்கு?"

பத்து வருடத்தில் நான் கற்றுக்கொண்டது, தப்பு செய்ய ஒருத்தி கண்ணை மூடினால் போதும், அதைத் திருத்த மட்டும் உலகம் மொத்தமும் கூடி வந்து கையெழுத்துப் போட வேண்டும்.